ஐம்பத்தாறு நாளுக்கு ஒரு ஞாயிறு

பிள்ளைகளின் நோட்டுத் திருத்த வைத்திருந்த சிவப்பு மையில்தான் சுந்தரம்மாள் காலண்டரில் வட்டம் போட்டிருந்தாள். பிப்ரவரி இருபத்தைந்து, ஞாயிற்றுக்கிழமை. அதற்கு முந்தைய வட்டம் டிசம்பர் முப்பத்தொன்றில் இருந்தது. அந்தப் பழைய காலண்டரை அவள் இன்னும் தூக்கிப் போடவில்லை. ஆணியில் புதியதற்குப் பின்னால் அது தொங்கிக்கொண்டிருந்தது.

கணக்கு எளிதானதுதான். ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகூடப் போட்டுவிடும். அவள் புருஷன் லட்சுமணன் வேலூர் - அமிர்தி பஸ்ஸில் கண்டக்டர், வீடும் அம்மாவும் வேலூரில். ஏழு நாள் வேலை, எட்டாவது நாள் ஓய்வு. மலைப் பள்ளியில் டீச்சரான அவளுக்கு ஏழு நாளுக்கு ஒரு ஞாயிறு. எட்டும் ஏழும் சேர்ந்து விழ ஐம்பத்தாறு நாள் ஆகும். இரண்டு வருஷத்துக் கல்யாண வாழ்க்கையில் கடைசி ஒன்றரை வருஷத்தை அவள் இப்படி ஐம்பத்தாறு ஐம்பத்தாறாக எண்ணித்தான் கழித்திருந்தாள்.

லீவு போடலாமே என்று ஆலங்காயத்தில் அவள் அம்மா கேட்பாள். அவளுக்கு இருந்த லீவெல்லாம் மாமியாரின் கண் ஆபரேஷனுக்கே போய்விட்டது. லட்சுமணனுக்கோ வேலை இன்னும் நிரந்தரம் ஆகவில்லை. வருஷத்துக்கு இருநூற்று நாற்பது நாள் காட்டினால்தான் ஆகும். பண்டிகை நாளில் ஊரே வீட்டுக்குப் போகும். அவன்தான் அவர்களை ஏற்றிக்கொண்டு போக வேண்டும்.

ஆகவே அந்த ஒற்றை ஞாயிறு. சனிக்கிழமை அரைநாள் பள்ளி முடிந்ததும் பலாமரத்தூரிலிருந்து காட்டு வழியாகக் கிளம்பினால் நாலு மணி நேரத்தில் அமிர்தி. அங்கே அவனுடைய தூரத்து அத்தை குப்பம்மா வீட்டில் ஒரு அறை. ஞாயிறு முழுக்க அவர்களுடையது. திங்கட்கிழமை விடியலில் அவன் பஸ் கிளம்பும், அவள் மலையேறத் தொடங்குவாள். ஏறுவதற்கு ஐந்து மணி நேரம். பத்தரைக்கு வகுப்பில் நிற்கும்போது கால் கடுக்கும். அந்தக் கடுப்பு ஆறும் வரை அவளுக்குச் சந்தோஷமாக இருக்கும்.

இந்த முறை காத்திருப்பில் ஒரு முள்ளும் இருந்தது. பத்து நாளுக்கு முன் அவனிடமிருந்து கடிதம் வந்திருந்தது.

'சுந்தரத்துக்கு, நல்ல சேதி. என்னை டவுன் வண்டிக்குக் கேட்கிறார்கள். அமிர்தியில் ராத்தங்கல் இனி கிடையாது. தினமும் வீட்டுச் சாப்பாடு. ஏழு நாளுக்கு ஒரு தரம் ஓய்வு. ஏப்ரல் மூன்றாம் தேதி முதல் ஓய்வு விழும். அம்மாவுக்கு ரொம்பச் சந்தோஷம். இருபத்தாறாம் தேதி திங்கட்கிழமை டிப்போவில் பதில் சொல்ல வேண்டும். ஞாயிற்றுக்கிழமை நீ வா, பேசலாம்.'

படித்தவுடன் அவள் காலண்டரைப் புரட்டினாள். ஏப்ரல் மூன்று செவ்வாய்க்கிழமை. அடுத்த ஓய்வு பத்து, அதுவும் செவ்வாய். பதினேழு, இருபத்துநாலு... டிசம்பர் வரைக்கும் விரலை வைத்து எண்ணிப் பார்த்தாள். ஒரு செவ்வாய்கூட ஞாயிறாக மாறவில்லை. ஏழு ஏழாகப் போகிற இரண்டு பேர் வேறு வேறு நாளில் தொடங்கினால் ஆயுசு முழுக்கச் சந்திக்க மாட்டார்கள். வேலூர் வரை அவளே போனால் திங்கட்கிழமை வகுப்புக்குத் திரும்ப முடியாது.

இது அவனுக்குத் தெரியாதா? கூட்டத்துக்கு நடுவில், ஓடுகிற பஸ்ஸில், மூன்றரை டிக்கெட்டுக்குக் கண் இமைக்கும் நேரத்தில் கணக்குச் சொல்கிறவன். தெரிந்தேதான் 'நல்ல சேதி' என்று எழுதினானா? அந்த இரண்டு வார்த்தைகளை அவள் தினமும் ஒரு முறை எடுத்துப் பார்த்தாள்.

நேரில் கேட்டுவிட வேண்டும். அதற்குத்தான் அந்த ஞாயிறு.

சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்குப் பள்ளித் துணை ஆய்வாளர் கோபால்சாமி வந்து இறங்கினார். இறங்கினார் என்றால் ஜீப்பிலிருந்து இல்லை. ஜீப் மூன்று மைலுக்கு அந்தப் பக்கம், காட்டிலாகா பங்களாவிலேயே அவரை விட்டுவிட்டுப் போய்விட்டது. அங்கிருந்து புது பூட்ஸ் போட்டுக்கொண்டு நடந்து வந்தவருக்கு இரண்டு குதிகாலிலும் கொப்புளம். தலைமை ஆசிரியர் பயிற்சிக்காகக் கீழே போயிருந்தார். பள்ளியில் சுந்தரம்மாளும் சமையல்கார அம்மாக்கண்ணுவும் பிள்ளைகளும்தான்.

"தண்ணி குடும்மா மொதல்ல. செருப்பு இருந்தாலும் குடு" என்றார் அவர். நல்ல மனிதர்தான். ஆனால் நாற்காலியில் உட்கார்ந்து பூட்ஸைக் கழற்றியதும் அதிகாரி ஆகிவிட்டார். "அஞ்சாங் கிளாஸ் எங்க? ஆறாவது படிக்க மலைக்குக் கீழ விடுதியில மூணு இடம் இருக்குது இந்தப் பள்ளிக்கு. பசங்க தேறுவாங்களா பாக்கணும்."

ஐந்தாம் வகுப்பில் இருந்ததே மூன்று பேர்தான். வேடியப்பன் மகள் பச்சையம்மா, சின்னக்குழந்தை, ராஜாக்கண்ணு. மூன்றும் பெண்கள். மூன்று பேரும் எண்ணெய் தடவிப் படிய வாரிக்கொண்டு வந்து நின்றார்கள்.

தமிழ் வாசித்தார்கள். அவர் தலையை ஆட்டினார். பூகோளம் சொன்னார்கள். அதற்கும் ஆட்டினார். பிறகு கரும்பலகையைப் பார்த்தார். அதில் காரணிகள் என்ற தலைப்புக்குக் கீழே ஐம்பத்தாறு என்ற எண் மட்டும் எழுதியிருந்தது. முந்தின நாள் எழுதியது. அவளுக்குத் தெரிந்த காரணத்தால் அந்த எண்தான் எப்போதும் கையில் வரும்.

"காரணியா? சரி. அம்பத்தாறை மீதியில்லாம எதால எல்லாம் வகுக்கலாம்? நீ சொல்லு பாப்பா."

பச்சையம்மா தயங்கவே இல்லை. "ரெண்டு, நாலு, ஏழு, எட்டு, பதினாலு, இருபத்தெட்டு சார்."

"அப்பறம்?"

"அவ்ளோதான் சார்."

"நல்லா யோசி."

"யோசிச்சிட்டேன் சார். அவ்ளோதான்."

அவர் சின்னக்குழந்தையைப் பார்த்தார். அவளும் ஆறுதான் என்றாள். ராஜாக்கண்ணு விரல் விட்டு எண்ணிவிட்டு ஆறு என்றாள்.

"சரி, ஏழுக்கு எத்தனை காரணி?"

மூன்று பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். "ஏழுக்கு ஒண்ணும் கெடையாது சார்" என்றாள் பச்சையம்மா, அனுதாபத்தோடு.

கோபால்சாமி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "ஏம்மா, ஒண்ணையும் அதே எண்ணையும் வுட்டுட்டா அது இன்னா காரணி? இது அடிப்படையாச்சே."

"சொல்லிக் குடுத்திருக்கேன் சார்..." என்றாள் சுந்தரம்மாள். சொல்லிக் கொடுக்கத்தான் செய்திருந்தாள். கரும்பலகையில் அவள் எழுதியபோது ஒன்றும் இருந்தது, ஐம்பத்தாறும் இருந்தது. அதைப் பார்த்து எழுதும்போது பிள்ளைகளும் எழுதினார்கள். தாமாகச் செய்யும்போது மட்டும் இரண்டையும் விட்டார்கள். இரண்டு வாரமாக அதைச் சிவப்பு மையில் திருத்திக்கொண்டுதான் இருந்தாள். ஏன் விடுகிறார்கள் என்று கேட்கத் தோன்றவில்லை. மனசு காலண்டரில் இருந்தது.

"இந்தக் காலை வெச்சிக்கினு நான் எங்கயும் போக முடியாது, ஹெட்மாஸ்டர் வூட்லயே தங்கிக்கறேன். பங்களாவுக்கு ஜீப்பு திங்கக்கெழம காலைல பத்துக்குத்தான் வருது" என்றார் அவர் எழுந்துகொண்டே. "போற வழியில ஏழு மணிக்கு இங்க வர்றேன். அப்ப ஒருவாட்டி கேக்கறேன். சொல்ட்டாங்கன்னா மூணு பேரையும் எழுதிக்கறேன். இல்லாட்டி அடுத்த வருஷம் பாக்கலாம்மா. இன்னா அவசரம்?"

அடுத்த வருஷம் என்பது அவருக்குச் சாதாரண வார்த்தை. பலாமரத்தூரில் பெண் பிள்ளைக்கு அடுத்த வருஷம் என்றால் ஆட்டுப் பட்டி. அதற்கு அடுத்த வருஷம் மாப்பிள்ளை. சுந்தரம்மாளுக்கு அது தெரியும்.

அவர் அம்மாக்கண்ணுவின் செருப்பைப் போட்டுக்கொண்டு நொண்டி நொண்டிப் போன பிறகு அவள் வகுப்பறையில் தனியாக நின்றாள். இப்போது கிளம்பினால் மாலைக்குள் அமிர்தி. திங்கள் காலை ஏழு மணிக்கு எந்தக் காலும் அவளைத் திரும்ப இங்கே கொண்டுவந்து சேர்க்காது.

அம்மாக்கண்ணு ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டே வந்தாள். "இன்னா டீச்சரம்மா, இன்னும் பையத் தூக்கல? மத்த சனிக்கெழமைன்னா மணி அடிக்கறதுக்கு முன்ன நீ பாதி மலை எறங்கியிருப்ப."

"போகல."

"அடப் பாவமே. அந்த ஆளு அங்க வழி மேல வுழி வெச்சிக்கினு இருப்பாரே."

"பசங்களுக்கு அடிப்படையே புரியல, அம்மாக்கண்ணு. நான் பாத்திருக்கணும்."

"ஒண்ணு வுட்டுட்டுதுங்களாமே. ஒண்ணுதானே போச்சு, அதுக்கா ஒரு ஆம்பளையக் காயப் போடுவ?" என்றாள் அவள். பிறகு சுந்தரம்மாளின் முகத்தைப் பார்த்துவிட்டு, "சரி சரி, அழுவாத. வேடியப்பன் புளி தூக்கினு அமிர்திக்குப் போறான். சேதி சொல்லி அனுப்பு" என்றாள்.

வேடியப்பன் புளிக்கூடையைத் தலைக்கு ஏற்றும் நேரம். சுந்தரம்மாள் நோட்டிலிருந்து ஒரு தாளைக் கிழித்தாள். 'ஆய்வாளர் வந்திருக்கிறார். திங்கள் காலை மறுபடியும் வருகிறார். என்னால் இறங்க முடியவில்லை. மன்னிக்கவும்' என்று எழுதினாள். பேனாவைத் தாளில் வைத்தபடியே கொஞ்ச நேரம் நின்றாள். டவுன் வண்டி வேண்டாம் என்று எழுதலாம். எழுதினால் அவன் கேட்பான். ராத்தங்கலில் ஓட்டல் சோறு தின்று தின்று அவன் வயிறு கெட்டுப்போனது அவளுக்குத் தெரியாததா? வீட்டுச் சாப்பாடு சாப்பிடாதீர்கள், வருஷத்தில் ஆறு நாள் என்னைப் பாருங்கள் என்று எந்த வாயால் சொல்வது?

தாளை நாலாக மடித்துக் கொடுத்துவிட்டாள்.

"வாயால எதுனா சொல்லணுமா டீச்சரம்மா?" என்று கேட்டான் வேடியப்பன்.

"வேற ஒண்ணும் இல்ல."

கூடை மரங்களுக்குள் மறையும் வரை பார்த்துக்கொண்டு நின்றாள். மறைந்த பிறகுதான் சொல்லவேண்டியதெல்லாம் வரிசையாக ஞாபகம் வந்தது.

ஞாயிறு காலை எட்டு மணிக்கு மூன்று பேரையும் பள்ளி வாசலில் உட்கார வைத்தாள். ஒரு முறம் நிறையப் புளியங்கொட்டை. இந்தக் காரணிப் பாடத்தை அவள் முதலில் தொடங்கியதும் அதை வைத்துத்தான். மலையில் எது கிடைத்தாலும் கூறு போடுவார்கள். தேன் ஆகட்டும், கோயில் கிடாவின் கறி ஆகட்டும், சமமாகக் குவித்து வைத்து வீட்டுக்கு ஒரு கூறு. ஒரு துண்டு அங்கே இங்கே கூடினால் சண்டை. ஆகவே 'பன்னிரண்டை எத்தனை கூறாகப் போடலாம்' என்று கேட்டதும் பிள்ளைகள் பிடித்துக்கொண்டார்கள். தன் யோசனையை நினைத்து அவளே மெச்சிக்கொண்டாள்.

"பன்னெண்டு கொட்டை. எத்தனை கூறு போடலாம்? எல்லாவிதமாவும் போட்டுக் காட்டுங்க."

கைகள் பறந்தன. இரண்டு கூறு, மூன்று கூறு, நாலு கூறு, ஆறு கூறு. அத்தோடு நின்றன.

இந்த முறை அவள் திருத்தவில்லை. "ஏன் நிறுத்திட்டீங்க? ஒரே கூறாப் போடலாமே?"

பச்சையம்மா அவளை விசித்திரமாகப் பார்த்தாள். "ஒருத்தருக்கே மொத்தமும் குடுத்தா அது கூறா டீச்சரம்மா? அது திருட்டு."

சின்னக்குழந்தை சிரித்துவிட்டாள். "அவங்க மாமா செஞ்சாரு போன வருஷம். தேனு மொத்தமும் எட்த்துனு போய்ட்டாரு. ஊருல யாரும் அவரு வூட்ல தண்ணி குடிக்கறதில்ல."

"எங்க மாமாவ இழுக்காத. உங்க பாட்டன் மட்டும்?"

"சரி, சரி. பன்னெண்டு கூறு போடுங்களேன்" என்றாள் சுந்தரம்மாள். "ஒரு கூறுக்கு ஒரு கொட்டை."

"கூறுன்னா குமிக்கணும்" என்றாள் ராஜாக்கண்ணு பொறுமையாக, சின்னப் பிள்ளைக்குச் சொல்வதுபோல. "ஒத்தக் கொட்டைய எப்பிடிக் குமிக்கறது?"

சுந்தரம்மாள் முறத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தாள். பிள்ளைகள் தப்பே செய்யவில்லை. அவள் கூறு என்று சொன்னாள், கூறுக்கு இந்த ஊரில் என்ன நியாயமோ அதன்படி அவர்கள் போட்டார்கள். ஒருவருக்கே கொடுப்பது பங்கு இல்லை, ஒற்றைக் கொட்டை குவியல் இல்லை. ஏழுக்கு ஒன்றும் கிடையாது என்று பச்சையம்மா வருத்தப்பட்டது, ஏழு துண்டுக் கறியை இரண்டு வீட்டுக்கோ மூன்று வீட்டுக்கோ பிரிக்க முடியாத வருத்தம். இரண்டு வாரம் கூடவே இருந்தும் அவள் இதைக் கேட்டுத் தெரிந்துகொள்ளவில்லை.

"கோயில்ல கிடா வெட்டினதும் கறிய நேரா கூறு போட்டுடுவாங்களா?" என்று மெதுவாகக் கேட்டாள்.

"எப்பிடிப் போடுவாங்க? மொதல்ல சாமி முன்னால வெக்கணும்ல."

"எவ்வளவு வெப்பாங்க?"

"மொத்தமும்தான். தேக்கெல விரிச்சி அப்பிடியே ஒரே குமியா..." பச்சையம்மா நிறுத்தினாள்.

ராஜாக்கண்ணு கையை நீட்டி ஆறு குவியலையும் ஒன்றாகத் தள்ளினாள். "ஒண்ணு" என்றாள். "சாமி கூறு. அது திருட்டு இல்ல."

"அப்பறம் வூட்டுக்கு எட்த்துனு போனா?" என்று கேட்டாள் சுந்தரம்மாள்.

"எங்கம்மா ஆளுக்கு ஒரே துண்டுதான் வெப்பா" என்றாள் சின்னக்குழந்தை குறைப்பட்டுக்கொண்டு. "கேட்டா, அதான்டி உன் பங்குன்னுவா." சொல்லிக்கொண்டே கொட்டைகளை ஒவ்வொன்றாகப் பிரித்து வைக்க ஆரம்பித்தாள். பன்னிரண்டும் தனித்தனியாக வரிசையில் நின்றன.

"பன்னெண்டும் பங்குதான்" என்றாள் பச்சையம்மா. பிறகு திடீரென்று துள்ளி எழுந்தாள். "டீச்சரம்மா! அப்ப ஏழுக்கும் இருக்குது! சாமிக்கு ஒண்ணு, ஆளுக்கு ஒண்ணு. ரெண்டு இருக்குது ஏழுக்கு!"

பிறகு அவர்களை நிறுத்த முடியவில்லை. பதினொன்றைப் போட்டார்கள், இருபத்துநாலைப் போட்டார்கள். ஐம்பத்தாறு கொட்டைகளை எண்ணி வாசல் முழுக்கப் பரப்பி எட்டு காரணிகளையும் கண்டுபிடித்துக் கத்தினார்கள். அந்தச் சத்தத்தில் அம்மாக்கண்ணு கூப்பிட்டது முதலில் சுந்தரம்மாளுக்குக் கேட்கவில்லை.

"டீச்சரம்மா, டீச்சரம்மா! ஏ, அங்க பாரு யாரு வர்றாங்கன்னு!"

பலாமரத்துக்குக் கீழே, வியர்வையில் நனைந்த சட்டையோடு, ஒரு கையில் பையும் ஒரு கையில் குச்சியுமாக லட்சுமணன் நின்றுகொண்டிருந்தான். பேச மூச்சு இல்லை. சிரிக்க மட்டும் செய்தான்.

அவள் எழுந்தாள். மடியிலிருந்த கொட்டைகள் உருண்டன. ஓட வேண்டும் போலிருந்தது. மூன்று பிள்ளைகளும் ஒரு சமையல்காரியும் வாயைப் பிளந்துகொண்டு பார்க்கும்போது டீச்சர் எப்படி ஓடுவது? நடந்துதான் போனாள்.

"எப்பங்க கெளம்பினீங்க?"

"ஆறு மணிக்கு. உன் சீட்டப் பாத்தேன். நீ எறங்க முடியாதுன்னா நான் ஏற முடியாதா?" நெற்றியைத் துடைத்துக்கொண்டான். "மணி பதினொண்ணு. ரெண்டு மணிக்குத் திரும்பணும். காலைல மொத பஸ்ஸு என்னுது."

மூன்று மணி நேரம். ஒரு நாள் முழுக்க இருக்க வேண்டியது மூன்று மணி நேரமாகிவிட்டது. பரவாயில்லை, மூன்று மணி நேரம் கிடைத்ததே என்று அவள் நினைத்தாள். அந்த மூன்று மணி நேரமும் தனக்குக் கிடைக்கும் என்றும் நினைத்துவிட்டாள்.

டீச்சரம்மாவின் வீட்டுக்காரர் வந்திருக்கிறார் என்ற சேதி பத்து நிமிஷத்தில் ஊரைச் சுற்றியது. முதலில் பச்சையம்மாவின் அம்மா தேன் கொண்டுவந்தாள். மரியாதைக்குக் கொஞ்சம் சாப்பிட வேண்டும் என்றாள். பிறகு ஊர்க்கவுண்டர் தசரதன் வந்தார். வீட்டுக்கு வந்து போகாவிட்டால் ஊருக்கே அவமானம் என்றார். அங்கே சாமைச் சோறும் மொச்சைக் குழம்பும். சின்னக்குழந்தை வீட்டார் கேட்டார்கள், நாங்கள் மட்டும் இளப்பமா? அங்கே களி. ராஜாக்கண்ணுவின் தாத்தாவுக்கு, ஆலங்காயம் போக எந்த பஸ்ஸில் ஏறி எங்கே இறங்க வேண்டும் என்று முதலிலிருந்து சொல்ல வேண்டியிருந்தது. அவர் ஆயுசில் பஸ் ஏறப் போவதில்லை. ஆனாலும் கேட்டுத் தெரிந்துகொண்டார்.

சுந்தரம்மாள் கூடவே போனாள். ஒவ்வொரு வீட்டிலும் அவளைப் பெண்கள் பக்கம் உட்காரவைத்தார்கள். அவனை ஆண்கள் பக்கம். சாணம் மெழுகிய தரைக்கு அப்பால் அவன் களியை விழுங்கிக்கொண்டே அவளைப் பார்த்தான். அவள் அவனைப் பார்த்தாள். கழுத்தெலும்பு முன்னைவிட நன்றாகத் தெரிந்தது. மீசையில் ஒரு வெள்ளை முடி. டிசம்பரில் அது இல்லை.

"கண்டக்டருக்கு இன்னொரு உருண்டை வைம்மா!"

"அய்யோ, போதுங்க."

"இன்னா போதும்? மலை ஏறினவரு!"

ஒன்றேமுக்காலுக்கு அவன் எழுந்து எல்லோருக்கும் கும்பிடு போட்டான். நாலைந்து ஆண்கள் வழியனுப்பவும் கிளம்பினார்கள். அப்போது அம்மாக்கண்ணு நடுவில் வந்து இடுப்பில் கையை வைத்துக்கொண்டு நின்றாள்.

"நீங்கள்லாம் எங்க போறீங்க? அந்த ஆளுக்கு வழி தெரியாதா? அவரு பொண்டாட்டி காட்டுவா. போய் அவங்கவங்க வேலையப் பாருங்கய்யா."

ஆண்கள் சிரித்துக்கொண்டே நின்றுவிட்டார்கள். சுந்தரம்மாளுக்குக் காது மடல் சுட்டது. ஆனால் மறுக்கவில்லை.

ஊர் எல்லை தாண்டும் வரை இருவரும் முன்னும் பின்னுமாக நடந்தார்கள். மூங்கில் புதர்களுக்குள் ஒற்றையடிப் பாதை இறங்கத் தொடங்கியதும் அவன் அவள் கையைப் பிடித்தான். டிக்கெட் கிழித்துக் கிழித்துக் காய்த்துப் போன விரல்கள். கொஞ்ச தூரம் அப்படியே நடந்தார்கள்.

"அந்த டவுன் வண்டி..." என்றான் அவன். "நாளைக்குச் சொல்லணும் சுந்தரம். அம்மா சரின்னு சொல்லிடச் சொன்னாங்க. நீ இன்னா சொல்ற?"

பத்து நாளாக ஒத்திகை பார்த்தது ஒன்று, வாயில் வந்தது வேறு. "உங்களுக்கு நல்லதுன்னா..." என்று தொடங்கினாள்.

"எனக்கு மட்டும் இன்னா? உனக்குந்தான். எட்டு நாளைக்கு ஒருவாட்டி வர்ற லீவு, இனிமே ஏழு நாளைக்கு ஒருவாட்டி. ரெண்டு மாசத்துக்கு ஒருக்காப் பாக்கறோமே, இனிமே சீக்கிரம் சீக்கிரம் பாக்கலாம்ல. அதான் நல்ல சேதின்னு எழுதினேன். நீ ஒரு வார்த்த பதில் போடல."

அவள் நின்றுவிட்டாள். அவன் முகத்தைப் பார்த்தாள். விளையாட்டு இல்லை. உண்மையாகவே சந்தோஷத்தை எதிர்பார்த்துக்கொண்டு நிற்கிற முகம்.

"ஏங்க, ஏப்ரல் மூணு இன்னா கெழம?"

"யாரு பாத்தா? எனக்கு எல்லாக் கெழமையும் டூட்டிதானே."

"செவ்வாக்கெழமைங்க." அவள் விரலை மடக்கிக் காட்டினாள். "ஏழு நாள் கழிச்சி அடுத்த லீவு. அதுவும் செவ்வா. அப்பறமும் செவ்வா. எனக்கு ஏழு நாளைக்கு ஒரு ஞாயிறு. எட்டா இருந்தாத்தான் ஒவ்வொரு வாரமும் ஒரு நாள் தள்ளித் தள்ளி வந்து என் ஞாயித்தப் புடிப்பீங்க. ஏழுன்னா தள்ளவே தள்ளாது. நீங்க செவ்வாயிலயே இருப்பீங்க, நான் ஞாயித்துலயே இருப்பேன்."

அவன் உதடுகள் அசைந்தன. மனசுக்குள் கூட்டிப் பார்க்கிறான் என்று தெரிந்தது. மூன்று, பத்து, பதினேழு. முகத்திலிருந்த வெளிச்சம் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியது.

"எப்பவுமேவா?"

"எனக்கு மாத்தல் கெடைக்கற வரைக்கும். இல்ல, உங்களுக்கு ஷிப்ட் மாத்தற வரைக்கும்."

அவன் பாறையில் உட்கார்ந்துவிட்டான். "தெனம் ஆயிரம் பேருக்குச் சில்லறை குடுக்கறேன்" என்றான். "என் பொழப்புக்கு ஒரு கணக்குப் போடத் தெரியல பாரு."

அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. தெரியாமல்தான் செய்தான். தெரியாமல்தான்! பத்து நாள் பாரம் இறங்கிய வேகத்தில், இத்தனை நாள் சொல்லாதது வாயில் வந்துவிட்டது. "எனக்கு டவுன் வண்டி வேணாங்க. உங்க வயிறு கெட்டுப்போவுது, எனக்குத் தெரியுது. உங்க அம்மா திட்டுவாங்க, அதுவும் தெரியுது. இருந்தாலும் எனக்கு வேணாம். எட்டுலயே இருங்க. எனக்கு அந்த ஒரு நாள் வேணும்."

அவள் அவனிடம் எனக்கு வேணும் என்று இதுவரை எதையும் கேட்டதில்லை. புடவை கேட்டதில்லை, பூ கேட்டதில்லை. அவன் அவளையே பார்த்தான். பிறகு அவள் கையை எடுத்துத் தன் கன்னத்தில் வைத்துக்கொண்டான். இரண்டு நாள் தாடி குத்தியது.

"இருக்கேன்" என்றான். "நாளைக்கு வேணாம்னு சொல்ட்டு வர்றேன். அம்மாகிட்ட நான் பேசிக்கறேன்."

மேலே எங்கோ ஆட்டு மணி ஓசை கேட்டது. அவன் எழுந்தான். வெயில் சாய்வதற்குள் ஓடையைத் தாண்ட வேண்டும். காட்டுக்குள் இருட்டு சீக்கிரம் வந்துவிடும். இன்னும் கொஞ்ச தூரம், இன்னும் அந்த வளைவு வரை என்று அவள் கூடவே இறங்கினாள். மூன்றாவது வளைவில் அவன் நிறுத்தினான்.

"போதும் சுந்தரம். நீ தனியா ஏறணும்."

"அடுத்தது ஏப்ரல் இருபத்திரண்டு."

"தெரியும். இந்த வாட்டி கெழமையும் தெரியும்."

அவன் இறங்கினான். வெள்ளைச் சட்டை மூங்கிலுக்குள் மறைந்து, கீழே பாறையருகே தெரிந்து, மறுபடியும் மறைந்தது. அவள் அங்கேயே நின்றாள். ஊர் முழுக்க அவனுக்குச் சோறு போட்டது. தேன் கொடுத்தது, களி கொடுத்தது. அவள் கையால் ஒரு தம்ளர் தண்ணீர்கூடக் கொடுக்கவில்லை என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. எப்படி மறந்தாள்? அவன் ஏறி வந்த களைப்போடு மரத்தடியில் நின்றபோதே கொடுத்திருக்க வேண்டாமா?

"ஏங்க!" என்று கத்தினாள்.

வெகு தூரத்தில், ஓடைக்கு மேலே, சட்டை நின்றது. அவன் திரும்பி, காதருகே கையைக் குவித்தான்.

"ராத்திரி சாப்ட்டுப் படுங்க! வெறும் வயித்துல படுக்காதீங்க!"

காற்று எதிராக அடித்தது. அவனுக்குக் கேட்டிருக்காது. ஆனால் என்ன சொன்னாலும் சரி என்பதுபோல அவன் பெரிதாகத் தலையை ஆட்டினான், குச்சியை உயர்த்திக் காட்டினான், பிறகு மரங்களுக்குள் இறங்கிவிட்டான்.